லாகோஸ் சடை, சமயபுரம் மொட்டை

1

ஐம்பத்து மூன்று வயதில், பொறியியல் பட்டமும் அலமாரி கொள்ளாத பகுத்தறிவுப் புத்தகங்களும் வைத்துக்கொண்டு, சமயபுரம் மாரியம்மன் பெயரைச் சொல்லி நான் ஒரு முழுப் பொய் சொன்னேன். பெற்ற மகனின் தலைமுடியை எடுக்க வைப்பதற்காக. இருபது வயதிலிருந்து அவளோடு பேச்சுவார்த்தை இல்லாதவன், காரியம் என்றதும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறேன்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில், பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் நாற்காலியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். மனைவி கலா. ஒரே மகன் முகில். ஒரு வயதில் திருச்சியிலிருந்து தூக்கிக்கொண்டு போன பிள்ளை, இப்போது பத்தொன்பது வயதில் அங்கேயே கல்லூரியில் படிக்கிறான். பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளிலிருந்து முடி வளர்த்தான். தலை நிறையத் திரித்துவிட்ட சடைகள், தோளைத் தாண்டித் தொங்கும்.

திருச்சியில் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "ஆப்பிரிக்காதானேப்பா, அங்க ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தானே இருப்பாங்க?" கிடையாது. லாகோஸில் ஆம்பளைத் தலை என்றால் கத்தரிக்காய் மாதிரி இருக்க வேண்டும். முகில் படித்த பள்ளிக்கூடத்தில், வாசலில் ஆசிரியர் நின்றுகொண்டு பையன்களின் தலையில் விரலை விட்டுப் பார்ப்பார். விரலுக்கு முடி அகப்பட்டால் பையன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது தலையை. வீடு வாடகைக்குக் கொடுப்பவர் பார்ப்பதும் தலையை. பெண்கள் விதவிதமாகப் பின்னி, கோபுரம் மாதிரி கட்டி, ஊரே பார்க்க நடக்கலாம். அதில் நாலில் ஒரு பங்கு ஓர் ஆணுக்கு இருந்தால் மூன்றே விளக்கம்தான்: பாட்டுக்காரன், பைத்தியக்காரன், 'யாஹூ பாய்'. மூன்றாவது, இணையத்தில் ஆள் ஏமாற்றிப் பிழைக்கும் பையன்களுக்கு அந்த ஊர் வைத்த பெயர். பாட்டுக்காரனுடைய சடையை விளம்பரப் பலகையில் அண்ணாந்து பார்த்து ரசிக்கும் அதே ஊர், பக்கத்து வீட்டுப் பையனின் சடையைப் பார்த்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் தங்கமான மனுஷி. என் மேசையில் முகிலின் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்கள் மகன் செலவுக்கு உங்களிடம்தானே கேட்கிறான்? கேட்பதை நிறுத்திவிட்டானென்றால் உடனே என்னிடம் சொல்லுங்கள். ஜெபம் பண்ணலாம்."

நான் சிரித்தேன். முடி வளர்த்தால் படிப்பு கெடும் என்கிற அளவோடு நின்ற திருச்சிக்காரத் தகப்பன்தான் அப்போது நான்.

2

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் கலா போன் செய்தாள். "முகிலோட ஃப்ரெண்டு பேசினான். போலீஸ் பஸ்ஸை நிறுத்தி இவனை மட்டும் இறக்கிட்டாங்களாம். லேப்டாப்பையும் வாங்கிக்கிட்டாங்களாம்."

கம்பெனி டிரைவர் சன்டே, அதாவது ஞாயிற்றுக்கிழமை என்பது அவருடைய பெயர், வண்டியை எடுப்பதற்கு முன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓகா, முதலில் ஒரு டை கட்டிக்கொள்ளுங்கள்" என்றார். ஓகா என்றால் முதலாளி. அந்த ஊரில் பிள்ளைக்கு அடையாள அட்டை அப்பா. அப்பா ஒழுங்கானவனாகத் தெரிந்தால்தான் பிள்ளை ஒழுங்கானவன். விற்பனைப் பிரிவில் ஒருவரிடம் டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன்.

சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. தரையில் வரிசையாகப் பையன்கள். எல்லோருக்கும் முடி. சலூனில் முறைக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரிதான் இருந்தது, ஒருவரும் பேசவில்லை என்பதைத் தவிர. முகில் கடைசியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதிகாரிக்கு என் வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகிலின் போனைத் துழாவிக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து என் அக்கா தினமும் அனுப்பும் ரோஜாப்பூ, மயில், குத்துவிளக்குப் படங்களெல்லாம் வரிசையாக ஓடின. கீழே தமிழ் எழுத்து. "இது என்ன சங்கேத மொழி?" என்றார். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். இனிய காலை வணக்கம். இனிய காலை வணக்கம். இந்த நாள் இனிய நாள். இவ்வளவு பேர் இவ்வளவு காலை வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று அவர் கேட்டார். அது எனக்கும் உள்ள சந்தேகம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் விட்டார்கள். போனையும் லேப்டாப்பையும் கையில் கொடுத்துவிட்டு அந்த அதிகாரி சொன்னது இது: "என் மகனாக இருந்தால் நானே வழித்து எடுத்திருப்பேன். இன்றைக்கு நான் இருந்தேன். நாளைக்கு இங்கே வேறொருவன் இருப்பான். கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்கும் பொறுமை அவனுக்கு இருக்காது."

காரில் ஏறியதும் முகில் மூடியிருந்த கையைத் திறந்தான். உள்ளே ஒரு சடை. வேரோடு வந்திருந்தது. வேர்ப் பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா."

நான் சொல்லவில்லை. இப்போது இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "அம்மாவுக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றான்.

அன்றிலிருந்து கெஞ்சினேன், மிரட்டினேன், காலேஜ் முடிந்ததும் இடுப்பு வரைக்கும் வளர்த்துக்கொள் என்று பேரம் பேசினேன். "அவங்க இழுத்ததுக்காக நான் வெட்டினா, இழுத்தது சரின்னு ஆயிடும். முடியாது ஓ" என்றான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஓர் ஓகாரம் போடுவது லாகோஸ் பழக்கம். அது எங்கள் வீட்டுத் தமிழிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. போனில் அதைக் கேட்ட அக்கா, "என்னடா ரவி, பிள்ளை ஒப்பாரி வெக்கிற மாதிரி பேசறான்?" என்றாள்.

அவனை மறுபடி அந்தச் சாலையில் பஸ் ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு காலையும், வீடு திரும்பும் வரை போனைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன்.

3

அக்கா பெண்ணின் கல்யாணத்துக்காக வந்தோம். சாந்தி அக்காவின் அடுக்ககம் அம்மா மண்டபம் சாலையில் இருக்கிறது. நாங்கள் லால்குடிப் பக்கம். அக்கா வாழ்க்கைப்பட்டு வந்து ஸ்ரீரங்கத்துக்காரியாகிவிட்டாள்.

முகிலுக்கு இந்த ஊர் கொடுத்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் அவனைக் கண்ணாடியில் பார்த்து, "தம்பிக்கு எந்த மடம்?" என்றார். கீழ்வீட்டில் கோயில் கைங்கரியம் பண்ணும் ஒரு சுவாமி இருக்கிறார். குளித்துவிட்டு வந்து வெயிலில் முடியை உலர்த்துவார், இடுப்பு வரை இருக்கும். முகிலைக் கூப்பிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்து, "அடியேனுக்குக் கொட்டிண்டே இருக்கு. தேவரீர் என்ன தைலம் தேய்ச்சுக்கறேள்?" என்று விசாரித்தார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் முடியைப் பற்றியே பேசினார்கள். ராஜகோபுரத்து வாசலில், உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், "சாமீ, ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்று பேரனை அவன் காலில் கிடத்திவிட்டார். அவன் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தான். பிறகு குனிந்து அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தான்.

"அப்பா, அங்க நான் திருடன். இங்க சாமி. நடுவுல எங்கயாச்சும் சும்மா ஆளா இருக்க முடியுமா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், இந்த ஊருக்கு வந்த பிறகும் நான் லாகோஸில்தான் இருந்தேன். ஒருநாள் அக்கா வீட்டுக்காரரின் வண்டியில் முகிலைப் பின்னால் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் போனபோது ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். ஓரம் கட்டுவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றுபோனது. இறங்கின வேகத்தில், "இவன் என் சொந்த மகன் சார், காலேஜ் படிக்கிறான் சார், போனைப் பாத்துக்குங்க சார்" என்று கொட்டிவிட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹெல்மெட் எங்க சார்?" என்றார். பிறகு முகிலைப் பார்த்து, "தம்பிக்காவது மேல மெத்தை இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்றார். என் தலை அப்படி. இடது காதுக்கு மேலே வளரும் ஒரு கொத்தை வலது பக்கம் வரை இழுத்துவிட்டுச் சமாளிக்கிற ஜாதி.

திரும்பிப் போகும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தக் கொட்டகை மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

4

மதியச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். திட்டமிட்டு வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வாயில் வந்தது.

"முகில், நீ ஆறு மாசக் குழந்தையா இருக்கறப்ப நிமோனியா வந்து தில்லைநகர்ல ஆஸ்பத்திரியில கிடந்தே. பொழைக்க மாட்டேன்னுட்டாங்க. அப்ப நான் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். உன் தலைமுடியைத் தரேன்னு."

நிமோனியா உண்மை. ஆஸ்பத்திரி உண்மை. அன்று நான் செய்ததெல்லாம் வராந்தாவில் நடந்ததும் டாக்டரிடம் சண்டை போட்டதும்தான்.

"இவ்ளோ நாள் ஏன் சொல்லல?" என்றான் முகில்.

"பத்தொன்பது வயசுல தரேன்னு வேண்டிக்கிட்டேன்."

"ஏன் பத்தொன்பது?"

"அப்படித்தான் வாயில வந்துச்சு."

இந்த ஒரு பதிலில் மட்டும் பொய் கிடையாது.

அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "பாவி, அம்மனோட பாக்கியையா இத்தனை வருஷம் வெச்சிருக்கே? அதான்டா அங்க புள்ளையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க!" என் பொய் ஒரே நிமிஷத்தில் என்னை விடப் பலசாலியாகிவிட்டது. அக்கா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

கலா மட்டும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் இருந்தவள். பாத்திரம் கழுவுமிடத்தில் பின்னாலேயே போய் நின்றேன். திரும்பாமல் சொன்னாள்: "நீங்க சொன்னது பொய்யா இருக்கலாம். யார் பேரைச் சொன்னீங்களோ, அது பொய் இல்ல. பாத்துக்குங்க."

முகில் எதிர்ப்பான், கத்துவான், நான் மெல்ல மெல்லக் கரைப்பேன் என்று நினைத்திருந்தேன். அவன் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "போலீஸ் சொன்னா வெட்ட மாட்டேன். ஆனா நான் சாகக் கூடாதுன்னு நீங்க கேட்டிருக்கீங்க. அது வேறப்பா. தரேன்" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமும் போயிற்று.

ஞாயிறு காலை ஒரு வேனில் கிளம்பினோம். கொள்ளிடப் பாலம், டோல்கேட், சமயபுரம் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகின்றன! அக்கா பையில் மஞ்சள், சந்தனம், மாற்று வேட்டி. முகில் ஜன்னலோரம் உட்கார்ந்து சடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் பிடுங்கினான். இன்னொருவன், அந்தத் தகரக் கொட்டகையை நினைத்துக்கொள் என்றான். நியாயம் இருவர் பக்கமும் இருந்ததுதான் கொடுமை.

முடி எடுக்கும் மண்டபத்தில் குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. டோக்கனை வாங்கிக்கொண்ட நாவிதர், "மொட்டையா, பூமுடியா?" என்றார். பூமுடி என்றால் பேருக்கு ஒரு கொத்தை மட்டும் கத்தரிப்பது. "மொட்டை" என்றான் முகில். சப்பணமிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அவர் கையில் தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்து, சடைகளைப் பிடித்து ஒதுக்கினார். அப்போது அந்த இடம் தெரிந்தது. வலது காதுக்குப் பின்னால், அன்று பிய்ந்து வந்த இடம். இன்னும் முடி முளைக்கவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். "வேண்டுதலே இல்ல. நான் சொன்னது பொய்."

முகில் நிமிர்ந்தான். முகத்தில் தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், எழுந்து வெளியே போய்விட்டான். கலா அவன் பின்னால் போனாள்.

"அவ சந்நிதி வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய்யின்னு சொல்றியேடா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "டேய், தரேன்னு பேரைச் சொல்லிட்டே. யாராச்சும் குடுத்துதான் ஆகணும். உக்காரு."

"எனக்கு நம்பிக்கை இல்லக்கா."

"உன் நம்பிக்கையை யாரு கேட்டா? முடியைக் குடு."

உட்கார்ந்தேன். நாவிதர் என் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, இதுக்குப் பூமுடியே ஜாஸ்தி. பரவாயில்லையா?"

மொட்டைத் தலையோடு வெளியே வந்தபோது முகில் வேனுக்குள் இருந்தான். வீடு வரும் வரை ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள், நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து நின்று சொன்னான்.

"அந்த போலீஸ் பொய் சொல்லலப்பா. நேரா இழுத்தான்."

ஐம்பத்து மூன்று வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி இறங்கியதில்லை.

5

வளைகுடா வழியாக லாகோஸ். முழு வழியும் கலா நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக்கு ஒரு முகமும் அந்தப் பக்கத்துக்கு ஒரு முகமுமாக வந்தாள். மதியம் இறங்கினோம். சன்டே வண்டியோடு நின்றிருந்தார். என் மொட்டையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

பாலம் இறங்கும் இடத்தில் தடுப்பு. துப்பாக்கியோடு ஓர் இளைஞன், முகிலை விட நாலு வயது கூட இருந்தால் அதிகம். கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்கும் ஆளாகத் தெரியவில்லை. வண்டிக்குள் குனிந்து பார்த்தான். முகிலின் தலையில் அவன் கண் நின்றது. கதவைத் தட்டி, இறங்கு என்று விரலால் காட்டினான்.

முகிலுக்கு முன்னால் நான் இறங்கினேன்.

"யார் இவன்?"

"என் மகன்."

அவன் முகிலைச் சுற்றி வந்தான். ஒரு சடையைத் துப்பாக்கி முனையால் மெல்லத் தூக்கிப் பார்த்தான். கலா வண்டிக்குள்ளிருந்து மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம் கேட்டான்: "இவன் டாடாவா?"

டாடா என்றால் அங்கே பிறவிச் சடை. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே முடி திரிந்து சடையாக இருக்கும். அந்தச் சடையைச் சடங்கு செய்யாமல் வெட்டினால் குழந்தைக்கு ஆகாது என்று பயப்படுவார்கள், கோபத்தில் கூடத் தொட மாட்டார்கள். லாகோஸில் ஆம்பளைச் சடைக்கு உள்ள ஒரே மரியாதையான காரணம் அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் துப்பாக்கி தானாகக் கீழே இறங்கிவிடும்.

முகில் என்னைப் பார்த்தான். சமயபுரத்துக்குப் பிறகு அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இல்லை" என்றேன். "பிறவியில் வந்ததில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, வளர்க்கிறான். கல்லூரியில் படிக்கிறான். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்."

அவன் முகம் சுருங்கியது. போனை எடு என்று முகிலிடம் கை நீட்டினான். பிறகு என் தலையைக் கவனித்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "யாரைப் புதைத்துவிட்டு வருகிறீர்கள், டாடி? அப்பாவா, அம்மாவா?" மொட்டை அங்கே சில குடும்பங்களில் துக்கத்தின் அடையாளம்.

இதற்காவது தலையாட்டியிருக்கலாம். "யாரும் சாகவில்லை" என்றேன். "இவன் முடியை எடுக்க வைக்க, எங்கள் ஊர் அம்மன் பெயரில் பொய் சொன்னேன். அதனால் என் முடியைக் கொடுக்கும்படி ஆயிற்று."

அவன் திரும்பிச் சாலையோரக் கொட்டகைப் பக்கம் ஏதோ கத்தினான். இன்னொருவன் வந்தான். என்னையே மறுபடி சொல்லச் சொன்னார்கள். நடுச்சாலையில், வெயிலில், மொட்டைத் தலையோடு, பொய், அம்மன், அக்கா, பூமுடி வரைக்கும் சொன்னேன். இரண்டாமவன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். முதலாமவன் சிரிக்கவில்லை. முகிலின் போனைத் திறக்காமலேயே வெகுநேரம் கையில் வைத்திருந்தான். கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போங்கள்" என்றான்.

வண்டி கிளம்பியது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளை முன்னால் ஒரு முறையாவது நிமிர்ந்து நின்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் லேசாக ஒரு பெருமிதம் தலைதூக்கியது. அப்போது முகில் கலாவைத் தாண்டி எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"அப்பா, டாடாவான்னு கேட்டானே, அந்த ஒரு இடத்துல பொய் சொல்லியிருக்கலாமே!"